நாட்டுக்கு ஒரு பாட்டு

2025 செப்டம்பர் 20 அன்று, மாஸ்கோ நகரையொட்டிய லைவ் அரீனா அரங்கில் ‘இன்டர்விஷன்’ என்னும் பன்னாட்டுப் பாட்டுப் போட்டி நடந்தது. 23 நாடுகள் பட்டியலில் இருந்தன. வியட்நாமின் டுக் ஃபுக் முதலிடம் பெற்றார். கிர்கிஸ்தான் இரண்டாமிடம், கத்தார் மூன்றாமிடம். இந்தியாவின் பெயரால் மேடையேறியவர் ரௌஹான் மாலிக். அவர் பாடிய பாட்டின் பெயர் ‘இஷ்க்’. அந்தப் பாட்டு நல்லதா, அந்தப் பாடகர் தகுதியானவரா என்று இங்கே ஆராயப் போவதில்லை. அவரைக் குறை சொல்லவும் எதுவும் இல்லை. ஒரு நாட்டின் பெயரைச் சுமந்து ஒரே ஒரு பாட்டு போகிறது என்றால், அது எந்த வாசல் வழியாகப் போனது, வேறு எந்தப் பாட்டுகளோடு மோதி வென்று போனது என்று நாட்டு மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கேரளத்தின் தனுவச்சபுரத்தில் இருக்கும் ஒருவருக்கோ அசாமின் தின்சுகியாவில் இருக்கும் ஒருவருக்கோ அது தெரிய வழி இருக்கவில்லை. நாட்டின் குரல் எது என்பதைத் தீர்மானிப்பது மேடையன்று, மேடைக்கு அனுப்பும் வாசல்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வாசலுக்கு ஒரு விதி எழுதாத வரை, எல்லையில் வாழும் சிறுபான்மை மொழிக்காரர்களின் பாட்டு தகுதியிருந்தும் வெளியே நிற்கும்.

‘ஒரு நாட்டுக்கு ஒரு பாட்டு’ என்பது ஏதோ இயற்கை நியதிபோல நமக்குப் பழகிவிட்டது. இவ்வகைப் போட்டிகளுக்கெல்லாம் முன்மாதிரியான யூரோவிஷன் அப்படித் தொடங்கவே இல்லை. 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் நடந்த முதல் போட்டியில் கலந்துகொண்டவை 7 நாடுகள். நாட்டுக்கு இரண்டு பாட்டு. சுவிட்சர்லாந்தின் சார்பில் லிஸ் அஸியா ஒரு பாட்டை ஜெர்மனிலும் மற்றொன்றைப் பிரெஞ்சிலும் பாடினார். வென்றது பிரெஞ்சுப் பாட்டு. ஒரே நாடு, ஒரே பாடகி, இரண்டு மொழி. எதைப் பாடினாலும் அவர் சுவிட்சர்லாந்தாகவே இருந்தார். அடுத்த ஆண்டே நாட்டுக்கு ஒரு பாட்டு என்று ஆகிவிட்டது. இடம் ஒன்றாகச் சுருங்கியதும், பல மொழி பேசும் நாடுகளுக்கெல்லாம் ‘எங்களில் யார்?’ என்ற கேள்வி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. பெல்ஜியம் அதற்கு எளிய வழி கண்டது. டச்சு பேசும் பகுதியின் ஒளிபரப்பு நிறுவனமும் பிரெஞ்சு பேசும் பகுதியின் நிறுவனமும் முறைவைத்துக்கொண்டு பாடகரை அனுப்புகின்றன. நம் ஊர்க் குளத்துக்கு முறைத் தண்ணீர் விடுவதுபோல்தான்.

இந்தப் போட்டிகளில் ‘நாடு’ என்று சொல்லப்படுவது உண்மையில் ஓர் ஒளிபரப்பு நிறுவனம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பாடகர் எங்கே பிறந்தார், எந்த நாட்டுக் குடிமகன் என்று யூரோவிஷன் கேட்பதில்லை. கனடாக்காரரான செலின் தியோன் 1988-இல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி ஒரே ஒரு புள்ளியில் வென்றார். 2012-இல் பாகு நகரில் பிரிட்டனுக்காக மேடையேறிய எங்கெல்பெர்ட் ஹம்பர்டிங்க், 1936-இல் சென்னையில் பிறந்தவர். 76 வயதில் பாடி, 26 பேரில் 25-ஆவதாக வந்தார். லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்டும் பிரிட்டனுக்காக 1968-இலும் 1973-இலும் பாடினார். ஆக, இந்திய மண்ணில் பிறந்த இருவர் யூரோவிஷன் மேடையைப் பார்த்துவிட்டார்கள், இந்தியா பார்க்கவில்லை. பிறந்த ஊர் யாரையும் பிரதிநிதி ஆக்குவதில்லை. தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள்தான் ஆக்குகிறார்கள்.

1968-ஆம் ஆண்டுக் கதையைச் சற்று நின்று பார்க்கலாம். லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் நடந்த அந்தப் போட்டியில் ஸ்பெயின் 29 புள்ளிகள் பெற்றது. கிளிஃப் ரிச்சர்டின் பிரிட்டனுக்கு 28. ஸ்பெயினுக்காகப் பாடியவர் மஸியெல் என்ற பாடகி. அந்தப் பாட்டுக்கு முதலில் தேர்வானவர் ஜோன் மானுவெல் செராட். கட்டலான் மொழியில்தான் பாடுவேன் என்றார் அவர். பிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒடுக்கப்பட்டிருந்த மொழி அது. அரசுத் தொலைக்காட்சி மறுத்தது. அவரை விலக்கிவிட்டு மஸியெலை அவசரமாக அழைத்து, அதே பாட்டை ஸ்பானிய மொழியில் பாடவைத்து அனுப்பியது. வென்றும் விட்டது. வெற்றிப் பட்டியலில் ‘ஸ்பெயின், 1968’ என்று மட்டும் இருக்கிறது. அந்த நாட்டுக்குள் ஒரு மொழி வாசலில் நிறுத்தப்பட்டது பட்டியலில் தெரியாது. கட்டலானில் பாடியிருந்தால் வென்றிருக்குமா என்று கேட்பதில் பொருளில்லை. அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பையே அந்த வாசல் இல்லாமல் செய்துவிட்டது.

யூரோவிஷனின் மொழி விதியும் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. 1965-இல் ஸ்வீடன் ஆங்கிலத்தில் பாடியதும், அவரவர் நாட்டு மொழியிலேயே பாட வேண்டும் என்று 1966-இல் விதி வந்தது. 1973-இல் தளர்த்தினார்கள், மறு ஆண்டே ஆபா குழு ஆங்கிலத்தில் பாடி வென்றது. 1977-இல் விதி திரும்ப வந்தது, 1999-இல் போனது. ‘நாட்டு மொழி’ என்றால் எது என்பதை அந்தந்த நாட்டு நிறுவனமே முடிவு செய்தது. விதி காப்பாற்றியது பெரும்பாலும் தலைநகரின் மொழியைத்தான். இருந்தும் சில நாடுகள் வாசலைக் கொஞ்சம் திறந்து வைத்தன. அயர்லாந்து 1972-இல் ஐரிஷ் மொழியில் பாடியது. சுவிட்சர்லாந்து 1989-இல் ரோமான்ஷ் மொழிப் பாட்டை அனுப்பியது. நாட்டின் நான்கு தேசிய மொழிகளில் மிகச் சிலரே பேசும் மொழி அது. தன் ஒற்றை மொழிக் கொள்கைக்குப் பேர்போன பிரான்ஸ்கூட 1996-இலும் 2022-இலும் பிரெட்டன் மொழியிலும், 2011-இல் கோர்சிகத் தீவின் மொழியிலும் பாடல்களை அனுப்பியது. தன் பள்ளிக்கூடங்களில் பிரெட்டன் பேசிய பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தண்டித்த நாடு அது!

நார்வேயின் 1980-ஆம் ஆண்டுப் பாட்டு இதில் தனிக் கவனத்துக்குரியது. வடக்கே ஆல்டா ஆற்றில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து, கலைமான் மேய்க்கும் சாமி பழங்குடியினர் 1979-இல் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். சில மாதங்களில், ‘சாமி மண்’ என்று பொருள்படும் தலைப்புள்ள பாட்டே நார்வேயின் பாட்டாக ஹேக் நகர மேடைக்குப் போனது. அரசை எதிர்த்து நின்ற சிறுபான்மையின் பாட்டை மக்கள் முன் நடந்த தேர்வுப் போட்டி ஒன்று நாட்டின் பாட்டாக ஆக்கியது. நார்வேக்காரர் ஸ்வெர்ரே ஷெல்ஸ்பெர்க் பாட, சாமி இனத்தவரான மாத்திஸ் ஹெத்தா தம் மக்களின் ‘யோய்க்’ இசையைப் பாடினார். கிடைத்தது 16-ஆம் இடம். ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 2019-இல், யோய்க் கலந்த பாட்டோடு நார்வேயின் கெய்னோ குழு வந்தபோது, ஐரோப்பியப் பார்வையாளர்களின் வாக்கில் அது முதலிடம் பெற்றது. நடுவர்கள் கைவிட்டதால் மொத்தத்தில் கீழிறங்கியது.

இனி நம் பக்கம் வருவோம். கேரளப் பள்ளிக் கலோத்சவம் என்னும் மாணவர் கலைப் போட்டி 1957-இல் தொடங்கியது. தனுவச்சபுரத்துப் பிள்ளை ஒருவர் பள்ளியில் வென்று, பாறசாலை துணை மாவட்டத்தில் வென்று, வருவாய் மாவட்டத்தில் வென்றால் மாநில மேடையைப் பார்க்கலாம். படி ஒவ்வொன்றும் எல்லோருக்கும் தெரியும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதற்கும் மேலே நீதிமன்றம் வரை போகிறவர்களும் உண்டு. (அந்த வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இதுவும் ஒரு போட்டிப் பிரிவோ என்று தோன்றும்.) தமிழ்ப் பத்யம் சொல்லலும் தமிழ்ப் பேச்சும் அதில் தனிப் பிரிவுகள், கன்னடத்துக்கும் அப்படியே. 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில் இருள நிருத்தம், பணிய நிருத்தம், மங்கலம்களி, மலைப்புலய ஆட்டம், பளிய நிருத்தம் ஆகிய ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முறையாகப் போட்டிக்குள் வந்தன. 60 ஆண்டுகளுக்கு மேல் அவற்றுக்கு அங்கே இடமில்லை. பணியரும் இருளரும் அதுவரை ஆடாமலா இருந்தார்கள்? படிவத்தில் அவர்களின் ஆட்டத்துக்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

கேரள-தமிழ்நாட்டு எல்லை வட்டாரத்தில் இதைவிடக் கூர்மையான சான்று ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி விக்கிரகம் குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகிறது. கம்பர் வழிபட்டதாக மரபு சொல்லும் சரசுவதி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில மறுசீரமைப்பில் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போன பிறகும் அந்த ஊர்வலம் நிற்கவில்லை. எல்லையில் இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செலுத்தி வழியனுப்பி வரவேற்கிறார்கள். அந்தச் சரசுவதியின் முன்னால் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் கச்சேரி நடக்கும்; நாளுக்கு ஒன்றாகத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கிருதிகள். கைதட்டக் கூடாது என்பது அங்கே மரபு. பெண்கள் பாடக் கூடாது என்பதும் நெடுங்காலம் மரபாக இருந்தது. வித்யையின் தெய்வம் பெண். அவள் முன் பாடுவதற்குப் பெண்ணுக்கு அனுமதி இல்லை. 2006-இல் அந்தத் தடை நீங்கியது. முதலில் பாடிய பெண் பாறசாலை பி. பொன்னம்மாள். 1924-இல் பாறசாலையில் பிறந்தவர், திருவனந்தபுரத்தின் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி, பின்னர் அங்கேயே ஆசிரியை, திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். அன்று அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அத்தனை ஆண்டு அவரிடம் இல்லாத எந்தத் தகுதி 2006-இல் வந்து சேர்ந்தது? குரல் பழையதுதான், வாசல்தான் புதிது. அந்த மண்டபத்தில் பாடியவர்களின் பழைய பட்டியலை மட்டும் வைத்துத் திருவிதாங்கூர் இசை வரலாறு எழுதினால், அதில் பெண்களே இருக்க மாட்டார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றைப் பார்ப்போம். முதலாவது: போட்டி என்றால் வெற்றிதான் முக்கியம், சிறு மொழியில் பாடினால் தோற்போம். நார்வேயின் 16-ஆம் இடமும் 2022-இல் பிரெட்டன் பாட்டு 25 பேரில் 24-ஆவதாக வந்ததும் இவர்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் உலகமே கேட்கும் ஆங்கிலத்தில் பாடும் பிரிட்டன் 2003-இலும் 2021-இலும் ஒரு புள்ளிகூடப் பெறாமல் திரும்பியது. 2016-இல் உக்ரைனின் ஜமாலா, ஆங்கிலத்தோடு கிரிமிய தாத்தார் மொழியையும் கலந்து, 1944-இல் தம் மக்கள் நாடுகடத்தப்பட்ட துயரத்தைப் பாடி வென்றார். அவரை அனுப்பியது நடுவர்களும் பார்வையாளர்களும் சேர்ந்து வாக்களித்த உள்நாட்டுத் தேர்வு. மாஸ்கோவில் வென்ற வியட்நாம் பாட்டும், படையெடுப்பை முறியடித்த ஜியோங் என்ற சிறுவனின் நாட்டுப்புறக் கதையைத் தன் மொழியிலேயே பாடியது. அதே மேடைக்குக் கொலம்பியா அனுப்பியது, பசிபிக் கரையில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் இசை மரபில் வளர்ந்த நிதியா கோங்கோராவை. சிறு மொழியில் பாடினால் வெற்றி நிச்சயம் என்று இவை எதுவும் காட்டவில்லை. தோல்வி நிச்சயம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதை மட்டும் காட்டுகின்றன. எனக்கு அது போதும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: இத்தனை மொழிகளில் எதற்கு இடம் தருவது? அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் மட்டும் 22 மொழிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தி பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர், தமிழ் பேசுவோர் 6 பேருக்கும் குறைவு. கேரளத் தமிழர் சுமார் 5 லட்சம் பேர்தான். பெல்ஜியம் போல முறைவைத்தால் ஒரு சுற்றுக்கு 22 ஆண்டு ஆகும்; அட்டவணையில் இல்லாத துளுவும் கோண்டியும் அப்போதும் வெளியேதான். உண்மை. முறைவைப்பது இந்தியாவுக்குப் பொருந்தாது. கலோத்சவம்போலத் தனிப் பிரிவு வைப்பதும் பொருந்தாது, ஏனென்றால் இருப்பது ஒரே இடம். மேலும் தனிப் பிரிவு என்பது ஒருவகையில் மூலையில் போட்ட நாற்காலி. தமிழ்ப் பத்யத்தில் முதல் பரிசு வாங்கும் பிள்ளை தமிழ்ப் பத்யம் சொன்ன பிள்ளைகளை மட்டுமே வென்றிருக்கிறது. ஒரே இடம் இருக்கும்போது, எல்லா மொழியும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் திறந்த தேர்வைத் தவிர வேறு நியாயமான வழி கிடையாது.

அது நடக்காத காரியமும் அன்று. பாட்டில் செய்யாததைச் சினிமாவில் நாம் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறோம். ஆஸ்கரின் பன்னாட்டுத் திரைப்படப் பிரிவும் ‘நாட்டுக்கு ஒன்று’ என்ற இதே வகைதான். இந்தியாவின் சார்பில் ஆண்டுக்கு ஒரு படத்தை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தேர்வுக் குழு அனுப்புகிறது. 1957-இன் ‘மதர் இந்தியா’ தொடங்கி இந்திப் படங்களே அதிகம் என்பது உண்மைதான். ஆயினும் ‘தெய்வமகன்’, ‘நாயகன்’, ‘அஞ்சலி’, ‘தேவர் மகன்’, ‘குருதிப்புனல்’, ‘இந்தியன்’, ‘ஜீன்ஸ்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ என்று தமிழ்ப் படங்கள் இந்தியாவாகப் போயிருக்கின்றன. மலையாளத்தின் ‘குரு’வும் ‘ஆதாமிண்டெ மகன் அபு’வும் ‘ஜல்லிக்கட்டு’ம் போயிருக்கின்றன. அந்தக் குழுவின் முடிவுகளைப் பற்றி ஆண்டுதோறும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். சண்டை போட முகவரி ஒன்று இருக்கிறது என்பதே பெரிய விஷயம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2022-இல் அந்தக் குழு தேர்ந்தெடுத்தது குஜராத்தி மொழியின் ‘செல்லோ ஷோ’வை, ‘ஆர்ஆர்ஆர்’ இந்தியாவின் படமாகப் போகவில்லை. மறு ஆண்டு மார்ச்சில் அதன் ‘நாட்டு நாட்டு’ சிறந்த அசல் பாட்டுக்கான ஆஸ்கரை வென்றது. நாடு அனுப்ப வேண்டிய தேவை இல்லாத பிரிவு அது. தெலுங்குப் பாட்டு ஒன்று உலக மேடையில் வெல்ல டெல்லியோ மும்பையோ வாசல் திறந்துவிட வேண்டியிருக்கவில்லை. திறமைக்குக் குறைவில்லை, அடைப்பு எங்கே இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

மூன்றாவதாக ஒரு மறுப்பு: இன்டர்விஷன் வெறும் அரசியல் மேடை, அதற்குப் போய் இத்தனை ஆய்வா? அரசியல் மேடைதான், மறுப்பதற்கில்லை. 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவிலும் 1977 முதல் 1980 வரை போலந்தின் சோபோட்டிலும் சோவியத் அணி நடத்திய போட்டியின் பெயர் அது. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022-இல் யூரோவிஷனிலிருந்து ரஷ்யா விலக்கப்பட்ட பின், 2025-இல் அதிபர் புதினின் ஆணைப்படி அந்தப் பெயருக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். அமெரிக்காவின் பெயரால் பாடவிருந்தவர் ஆஸ்திரேலியப் பாடகி வாஸி. அவர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். ரஷ்யாவின் ஷாமன், விருந்தளிக்கும் நாடு பரிசு வாங்குவது முறையன்று என்று கூறித் தமக்கு மதிப்பெண் வேண்டாம் என்றார். விருந்தோம்பலா, நாடகமா என்பது அவரவர் பார்வை. இப்படிப்பட்ட மேடைக்கு இந்தியா போகலாமா என்ற கேள்வி தனியே விவாதிக்கத் தக்கது; போகக் கூடாது என்பாரிடமும் நியாயம் உண்டு. ஆனால் போவது என்று முடிவாகி, நாட்டின் பெயர் எழுதப்பட்ட பிறகு, அது அரசியல் என்பதாலேயே யார் போகிறார் என்ற கேள்விக்குக் கனம் கூடுகிறது. தூதரை அனுப்புவதற்கு நாட்டில் நடைமுறை உண்டு. ஒலிம்பிக் ஓட்டக்காரருக்குத் தகுதி நேரம் உண்டு. பாடகருக்கு மட்டும் எதுவும் வேண்டாமா?

பாட்டை அளக்க நிறுத்துக் கடிகாரம் இல்லை என்பார்கள். ஸ்வீடனிலும் இல்லை. அங்கே ‘மெலோடிஃபெஸ்டிவாலன்’ என்ற தேர்வு வாரக்கணக்கில் நடக்கிறது. 2002 முதல் ஊர் ஊராகப் போய் நடத்துகிறார்கள். இத்தாலிக்கு சான்ரெமோ விழா இருக்கிறது. இந்தியாவில் இதற்கு வேண்டிய கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியின் கீழ் பல மொழிகளில் தூர்தர்ஷன் அலைவரிசைகளும் பல மாவட்டங்களில் வானொலி நிலையங்களும் உள்ளன. திருவனந்தபுரம் வானொலியும் நாகர்கோவில் வானொலியும் நெய்யாற்றின்கரையில் ஒரே நேரத்தில் கேட்கும். நிலையத்துக்கு ஒரு பாட்டு, பிறகு மண்டலத்துக்கு ஒன்று, கடைசிச் சுற்று தொலைக்காட்சியில், நடுவரும் மக்களும் பாதிப் பாதி. மாநில எல்லையை வைத்து யாரையும் தடுக்காமல், கேரளத்தில் இருக்கும் தமிழரும் தமிழ்நாட்டில் இருக்கும் மலையாளியும் தம் மொழியில் பாடிப் போட்டியிடலாம் என்ற ஒரு வரியும் விதியில் இருந்தால் போதும். இறுதியில் இந்திப் பாட்டே வென்றாலும் குறையொன்றுமில்லை. அது மற்ற பாட்டுகளை எதிர்கொண்டு வென்றதாக இருக்கும்.

அடுத்த இன்டர்விஷன் 2026-இல் சவூதி அரேபியாவில் என்று மாஸ்கோ மேடையிலேயே அறிவித்தார்கள். இந்தியா அதற்குப் பாட்டு அனுப்புவதாக இருந்தால், எந்த விதிப்படி அதைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்பதைப் பாடகரின் பெயரை அறிவிக்கும் முன்பே வெளியிடட்டும்.